குமரவேல் கேட்ட மறுவிசாரணை

குமரவேல் நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. கன்வேயர் பெல்ட்டுக்குக் கீழே கொட்டிக்கிடக்கும் நிலக்கரியை வாரிப் போடும் வேலை. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. மனைவி விஜயலட்சுமி வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக்கொடுத்தாள்.

நாற்பது வயதை நெருங்கும்போது அவருக்குத் தூக்கம் போயிற்று. பெல்ட் ஓடும் சத்தத்தில் யாரோ தன்னைத் திட்டுவதாகச் சொன்னார். ஷிப்டுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். விஜயலட்சுமி கோயில் கோயிலாகக் கூட்டிப்போனாள்; ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை. ஒருநாள் காலை தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பரமசிவத்தை மண்வெட்டியால் அடித்துவிட்டார். தண்ணீரில் விஷம் கலக்கிறான் என்று அவருக்கு எண்ணம். பரமசிவம் பிழைத்துக்கொண்டார், வலது கை மட்டும் அதன்பிறகு மடங்கவில்லை.

கடலூர் கோர்ட்டில் நீதிபதி எதைக் கேட்டாலும் குமரவேல் ஆமாங்க என்றார். அவருடைய வக்கீலும் அதைக் கண்டுகொள்ளவில்லை. கொலை முயற்சி என்று ஏழு வருடம் தண்டனை கிடைத்தது.

சிறை டாக்டர்தான் நோயைக் கண்டுபிடித்து மாத்திரை கொடுத்தார். சில மாதம் கழித்துப் பார்க்கப் போன மனைவியிடம் குமரவேல் தெளிவாகப் பேசினார்.

"விஜயா, என் கேசு எப்ப நடக்கும்?"

கேசு முடிந்து தண்டனையும் ஆகிவிட்டது என்று அவள் சொன்னதை அவர் நம்பவே இல்லை. கோர்ட்டுக்கு யார் யார் வந்தார்கள், தான் என்ன பேசினேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

இலவச சட்ட உதவியில் வந்த வக்கீல் வெண்மதி எதையும் மறைக்கவில்லை. பேசாமல் இருந்தால் தண்டனை முடிந்ததும் வெளியே வந்துவிடலாம். மறுவிசாரணையில் புத்தி சரியில்லை என்று தீர்ப்பானால் ஆஸ்பத்திரியில் எவ்வளவு காலம் வைப்பார்கள் என்று சொல்ல முடியாது என்றார். விஜயலட்சுமிக்கு விட்டுவிடலாம் என்றிருந்தது. குமரவேல் ஒத்துக்கொள்ளவில்லை.

"எனக்குத் தெரியாமலே நடந்துபோன கேசு அது. நான் நின்னுகினு கேக்கணும். அப்புறம் எத்தினி வருசம்னாலும் போடட்டும்."

வெண்மதி மேல்முறையீடு செய்தார். விசாரணை நடந்தபோதே குமரவேலுக்குப் புத்தி தெளிவில்லை என்று சிறை டாக்டர் சொன்னதை வைத்து உயர் நீதிமன்றம் பழைய தீர்ப்பை ரத்து செய்து, முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னது.

இம்முறை குமரவேல் ஒரு சொல் விடாமல் கேட்டார். பரமசிவம் கையைத் தூக்கிக் காட்டியபோது பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஏன் வைத்தியம் பார்க்கவில்லை என்று அரசு வக்கீல் விஜயலட்சுமியைக் கேட்டார். பைத்தியம் என்று பெயர் வந்துவிட்டால் வேலை போய்விடுமே என்று பயந்ததாகச் சொன்னாள்.

அடித்தது குமரவேல்தான், ஆனால் செய்வது இன்னதென்று அறியும் நிலையில் அவர் இல்லை என்று சொல்லி நீதிபதி விடுவித்தார். சென்னை மனநல மருத்துவமனைக்கு அனுப்பவும் உத்தரவிட்டார். வேனில் ஏறுமுன் குமரவேல் பரமசிவத்திடம் மன்னிப்புக் கேட்டார்.

"தெரியாம செஞ்சேன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு, சரி. எனக்குக் கை வலிக்குதேப்பா" என்றார் பரமசிவம்.

மருத்துவமனையில் ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு, கூடவே வைத்துப் பார்த்துக்கொள்வதாக விஜயலட்சுமி எழுதிக்கொடுத்து அழைத்துவந்தாள். பழைய தெருவுக்கு அவர்கள் போகவில்லை, குறிஞ்சிப்பாடியில் குடியேறினார்கள். குமரவேல் மளிகைக் கடையில் மூட்டை இறக்குகிறார். சேரும்போதே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அதில் விஜயலட்சுமிக்கு இன்னமும் கோபம்.