யாருக்கும் தெரியக் கூடாது என்று ஜெபித்தேன்

சாட்சி சொல்ல நிற்பவர்கள் கர்த்தர் செய்த நன்மையிலிருந்து தொடங்குவார்கள். நான் சொன்ன பொய்யிலிருந்து தொடங்குகிறேன். அதைச் சொல்லாமல் அவர் செய்ததைச் சொல்ல முடியாது.

கேரள எல்லையோரத்துக் குன்னத்துகாலில் தையல் கடை வைத்திருக்கிறேன். என் வாய்க்குப் பயந்தே அளவு ஜாக்கெட்டை மறக்காமல் கொண்டுவருகிறவர்கள் உண்டு. ஒரே மகள் ஜெனிஷா, எட்டாம் வகுப்பு. போன கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு அவளுக்குச் சர்க்கரை நோய் என்று திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் உடம்பில் இன்சுலின் சுரக்கவில்லையாம். இனி சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி, ஆயுள் முழுக்க. இடிந்துபோனேன். அழுதேன். அழுது முடித்ததும் எனக்கு முதலில் ஊர்தான் ஞாபகம் வந்தது. நாளைக்கு இவளை யார் கட்டுவார்கள்? வீட்டுக்காரரையும் மகளையும் வாய் திறக்கக் கூடாது என்று மிரட்டி வைத்தேன். மதிய ஊசியைப் பிள்ளை பள்ளிக்கூடக் கழிவறையில் ஒளிந்து போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைதோறும் சபையில் உபவாச ஜெபம். "கர்த்தாவே, யாருக்கும் தெரியாமலே என் பிள்ளையைச் சுகமாக்கும்" என்று மன்றாடினேன். மாதக்கணக்கில் இதே ஜெபம்தான்.

மழை தொடங்கியபோது பள்ளியில் கண் பரிசோதனை வைத்தார்கள். செவ்வாய்க்கிழமைகளில் அங்கே ஒரு நர்ஸ் வருவார். ஷைலஜா சிஸ்டர் என்று பெயர். நெற்றியில் சந்தனம், தோளில் பெரிய கறுப்புப் பை. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எழுத்தை வாசிக்கச் சொன்னபோது, மகளின் விரல் நுனிகளில் புள்ளி புள்ளியாக இருந்ததைப் பார்த்துவிட்டார். சர்க்கரை அளவு பார்க்கத் தினமும் குத்திய இடங்கள். என்னை வரச் சொல்லி அனுப்பினார்.

"மோளுக்க விரல்ல என்னவாக்கும் இந்தக் குத்து?"

"எனக்கக் கூட இருந்து ஹூக்கு வச்சுத் தைப்பா சிஸ்டரே. ஊசி குத்துனதாக்கும்" என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

சிஸ்டர் என் விரல்களைப் பார்த்தார். இருபது வருடமாகத் தைக்கிற விரல்களில் ஒரு புள்ளி இல்லை. "செரி, போயிட்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னார். வீடு வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை. மகளுக்குக் காலை ஊசியைப் போட்டு, புட்டும் பயறும் எடுத்துவைத்து, "தின்னுட்டுப் போ மக்கா" என்று சொல்லிவிட்டு ஜெபத்துக்கு ஓடினேன். அவள் தின்னவில்லை. அம்மா எனக்காகப் பட்டினி கிடக்கிறாளே, நானும் கிடந்தால் கர்த்தர் சீக்கிரம் கேட்பார் என்று நினைத்திருக்கிறாள். ஊசி போட்ட உடம்பு, வயிற்றில் ஒன்றும் இல்லை. சாப்பாடு இல்லாமல் அந்த ஊசி ஆளையே சாய்த்துவிடும்.

வகுப்பில் மேசையில் தலையைச் சாய்த்தாள். வேர்த்துக் கொட்டியது, பேச்சு குழறியது. மழைக்காய்ச்சலாக இருக்கும் என்று டீச்சர் பெஞ்சில் படுக்க வைத்தார். டீச்சரைக் குறை சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவள் நான்தானே.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஷைலஜா சிஸ்டர் வந்து நின்றிருக்கிறார். வெள்ளிக்கிழமை அவருக்கு வேறு பள்ளி. அந்த விரல்கள் மனதை விட்டுப் போகவில்லையாம். போகிற வழியில் பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டார். வந்ததும் மகளின் விரலைக் குத்திப் பார்த்தார். சர்க்கரை அடியோடு இறங்கிக் கிடந்தது. விழுங்க முடிகிறதா என்று கவனித்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, மறுபடியும் குத்திப் பார்த்து, பிள்ளை கண் திறந்த பிறகே என்னை அழைத்தார்.

நனைந்துகொண்டே ஓடிப்போனேன். ஜெனிஷா சிஸ்டரின் தோளில் சாய்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"பிரார்த்திக்க வேண்டாம்னு நான் சொல்லல்ல" என்றார் சிஸ்டர். "பட்சே நாலு பேருக்குத் தெரியட்டு. பிள்ளைய நாங்களும் நோக்காண்டாமா?"

அப்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாருக்கும் தெரியக் கூடாது என்று நான் முழங்காலில் நின்று கேட்ட அதே காலையில், கர்த்தர் ஒருத்திக்குத் தெரியப்படுத்தி, பஸ்ஸிலிருந்தும் இறக்கிவிட்டிருக்கிறார்! நான் கேட்டதை அப்படியே தந்திருந்தால் இன்றைக்கு எனக்கு மகள் இல்லை. எவ்வளவு பெரியவர் அவர்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குப் போய் சிஸ்டரிடமும் டீச்சர்களிடமும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். இப்போது ஆசிரியர் அறையில் ஊசியும் சர்க்கரையும் வைத்து ஜெனிஷா பெயர் எழுதிய டப்பா உண்டு. கழிவறை ஊசி போயிற்று. மயக்கம் வந்தால் என்ன செய்வது என்று சிஸ்டர் அவளுடைய கூட்டுகாரிப் பிள்ளைகளுக்கும் டீச்சர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். சபையிலும் சொன்னேன். யாரும் எங்களை விட்டு விலகவில்லை. அளவு கொடுக்க என்று வந்த ஒரு அம்மா கடைக் கதவைச் சாத்திவிட்டு அழுதார். அவர் மகனுக்கு வலிப்பு. அவரும் என்னைப் போலவே மறைத்து வைத்திருக்கிறார். கையோடு சிஸ்டரிடம் கூட்டிப்போனேன்.

மகளுக்கு நோய் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கர்த்தர் பதில் தரவில்லை என்று மட்டும் என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். லீவு நாளில் ஜெனிஷாவும் உபவாச ஜெபத்துக்கு வருகிறாள். எங்கள் எல்லார் நடுவிலும் அவள் மட்டும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து புட்டு தின்பாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் ஸ்தோத்திரம் சொல்வேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளையின் நோயை மறைத்து வைத்திருந்தால், நம்பி முழங்காலில் நில்லுங்கள். எழுந்ததும் நேரே பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். செவ்வாய்க்கிழமை சிஸ்டர் அங்கே இருப்பார்.