அப்பாவின் கிணற்றுக்குக் கரண்ட் வந்த செய்தி

இன்று காலை திருச்செங்கோடு பஸ்ஸில் போகும்போது அப்பாவின் போன் அடித்தது. போன வருடம் அவர் இறந்தபின் அதை நான்தான் வைத்திருக்கிறேன்.

கரண்ட் ஆபீசிலிருந்து ஒரு பெண் பேசினார்.

"ராமசாமிங்களா? கிணத்து மோட்டாருக்கு இலவசக் கரண்டு கேட்டிருந்தீங்களே, உங்க முறை வந்திருச்சுங்க."

கடைசி வரை டீசல் இஞ்சினில் தண்ணீர் இறைத்துக்கொண்டே அப்பா காத்திருந்தது இந்த ஒரு அழைப்புக்குத்தான்.

"எங்கப்பா தவறிட்டாருங்க. நான் அவரு மகளுங்க," என்றேன்.

அந்தப் பெண், "வாரிசு சர்ட்டிபிகேட் கொண்டாங்க, உங்க பேருக்கு மாத்திக்கலாம். அவரு இருந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பாருங்க, இல்லீங்களா?" என்றார்.

"ஆமாங்க."

அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இறங்க வேண்டிய நிறுத்தம்தான் தாண்டிப் போயிருந்தது.

நீங்களாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு வேறு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?