மூன்று பேருக்கு மூன்று அளவு

பருத்திக்கு மருந்தடிக்கும் காலம் வந்தாலே காத்தாயிக்குப் பயம் வந்துவிடும். பெரம்பலூர்க் கரிசலில் ஆண்கள் மருந்து டேங்கை வெற்று முதுகில் மாட்டிக்கொண்டு, மூக்குக்கு மட்டும் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு பருத்திக் கொல்லையில் இறங்குவார்கள். வாசம் ஏறாவிட்டால் விஷமும் ஏறாது என்று அப்படியொரு நம்பிக்கை. முதுகில் ஒழுகுவதை எவன் கண்டான்?

அவள் புருஷன் அரியமுத்து எழுபத்திரண்டாம் வருஷம் அப்படித்தான் விழுந்தான். அன்று ஒரே கொல்லையில் மூன்று பேர் மயங்கினார்கள். டவுனில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டரிடம் தூக்கிப் போனார்கள். மற்ற இருவரும் பிழைத்தார்கள், அரியமுத்து போய்விட்டான். தலைவிதி என்றுதான் காத்தாயி மனதைத் தேற்றிக்கொண்டாள். பல வருஷம் கழித்து, அங்கே ஆயாவாக இருந்த கலியம்மாள் சாகக் கிடந்தபோது அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். விஷமுறிவு ஊசி வேண்டிய மட்டும் இருந்ததாம். எவ்வளவு போட்டால் ஆள் பிழைப்பான் என்று பார்க்க, மூன்று பேருக்கு மூன்று அளவாகப் போட்டாராம் டாக்டர். இருப்பதிலேயே குறைச்சல் அரியமுத்துவுக்கு. கூலிக்காரன்தானே, கேட்க நாதி ஏது?

அந்த மூன்று பேருக்கு ஊசி போட்ட பிறகு அந்த டாக்டர் கைராசிக்காரர் என்று பெயரெடுத்துவிட்டார். அவரிடம் போனவர்கள் பிழைத்ததும் உண்மைதான். காத்தாயிக்கு அதுதான் பொறுக்கவில்லை.

எண்பத்து மூன்றில் அவள் மகன் நல்லதம்பியும் மருந்தடிக்கையில் வாயில் நுரை தள்ள விழுந்தான். திருச்சிக்குக் கொண்டு போவதற்குள் உயிர் தங்காது. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டியிருந்தது. டாக்டருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவர் ஊசியில் மருந்து ஏற்றுவதைப் பார்த்ததும் அவள் கட்டிலை ஒட்டி வந்து நின்றாள். இவனை வைத்தும் எதையாவது பார்ப்பாரோ? தடுத்தால் பிள்ளை போய்விடுவான். விட்டாலோ, புருஷனைக் கொன்று படித்த வைத்தியத்தை அவளே கேட்டு வாங்கியதாகும்.

“பயப்படாதம்மா. அளவு எனக்கு நல்லாத் தெரியும்” என்றார் டாக்டர்.

“தெரியுங்க. எம் புருசன் அரியமுத்த வச்சுதான அந்த அளவப் பாத்துக்கிட்டீங்க” என்றாள் காத்தாயி. “அவருக்குப் போட்டது பத்தலைங்க. எம் புள்ளைக்கு முழுசாப் போட்டுடுங்க.”

டாக்டரின் கை அப்படியே நின்றது. பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் ஊசியைப் போட்டார்.

நல்லதம்பி பிழைத்துக்கொண்டான். காத்தாயி ஊரில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் பயந்துகொண்டு அங்கே போக மாட்டார்கள், போகாவிட்டால் சாவார்கள். ஆனால் மருந்தடித்து எவன் விழுந்தாலும் அவளும் வண்டியில் ஏறிவிடுவாள். இவளுக்கு என்ன ஒட்டா உறவா என்று ஊரில் கேலி பேசினார்கள். ஊசி முழுசாக இறங்கும்வரை, கட்டிலோரம் நின்று டாக்டரின் கையையே பார்ப்பாள். டாக்டர் ஒரு நாளும் அவளை வெளியே போகச் சொன்னதில்லை.