அலுமாரி மேல் இரண்டு போத்தல்

சகீனாவின் வீட்டில் கடையில் வாங்கிய பொருளைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. மிளகாய்த்தூள் அவள் இடித்தது. வினாகிரி அவள் தேங்காய்த் தண்ணீரைப் புளிக்கவைத்து எடுத்தது. தயிர் அவள் உறை ஊற்றியது. குளிக்கவும் துவைக்கவும் சவர்க்காரம்கூட அவள் கையால் காய்ச்சியதுதான். வெறும் போத்தல் ஒன்று கிடைத்தால் கழுவிக் காயவைத்து எடுத்து வைப்பாள். எறிவது என்றால் அவளுக்கு உயிர் போவது மாதிரி.

கண்டியில் அவள் குடியிருந்த மஹியாவைப் பகுதிப் பெண்கள் முதலில் சிரித்தார்கள். பால்மாவுக்கும் சமையல் காஸுக்கும் நாடே தெருவில் வரிசை நின்ற இரண்டாயிரத்து இருபத்திரண்டில், அதே பெண்கள் வந்து வினாகிரி செய்வது எப்படி என்று கேட்டுப் போனார்கள். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? இருந்தாலும் எல்லா வாயையும் பொறுத்துக்கொண்ட சகீனாவுக்கு ஒரு வாயை மட்டும் பொறுக்க முடியவில்லை. அது கணவன் முஹ்ஸினின் தங்கை பஸீஹாவின் வாய்.

"எங்கட மதினி தேத்தண்ணியில ஈ உழுந்தா, அதப் புழிஞ்சிட்டுத்தான் வீசுவா" என்று ஒரு கலியாண வீட்டில் சபை நடுவில் சொன்னாள் பஸீஹா. எல்லோரும் சிரித்தார்கள். சகீனாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து அழுதாள்.

அந்தப் பஸீஹா இப்போது, கலியாணமாகி நெடுங்காலம் கழித்து, ஏழு மாதக் கர்ப்பிணி. முஹ்ஸினுக்குத் தலைகால் புரியவில்லை. மக்காவுக்கு உம்ரா போய் வந்த உறவினர் கொடுத்த புனித ஜம்ஜம் தண்ணீர் வீட்டில் ஒரு போத்தல் இருந்தது. அதைத் தங்கச்சிக்குக் கொடுக்கவேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். அதே வருஷத்து நோன்பு மாதம். விடியலுக்கு முன் சஹர் சாப்பிட்டுவிட்டு சகீனா தூக்கக் கலக்கத்தில் கிடந்தபோது வந்து கேட்டான். கரண்ட் இல்லை, வீடு இருட்டாக இருந்தது.

"அலுமாரிக்கு மேல ஈக்கி. எடுங்கொ" என்றாள்.

அவன் எடுத்துக்கொண்டு, ஓட்டோவை ஓட்டிக்கொண்டு தெல்தெனியப் பக்கம் போனான். தங்கச்சி வீட்டில் போத்தலைக் கொடுத்துவிட்டு, அங்கேயே பெற்றோல் வரிசையில் நிற்பது அவன் எண்ணம்.

சகீனா நண்பகல் லுஹர் தொழுது சற்று நேரம் கழித்து கரண்ட் வந்தது. மில்லில் இருந்து தேங்காய் எண்ணெயும் வந்தது. இரண்டு நாளாக அந்த எண்ணெய்க்காகத்தான் சகீனா காத்திருந்தாள். சவர்க்காரத்துக்கு வேண்டிய கோஸ்டிக் சோடாவை முந்தின நாளே தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்திருந்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கும், வாயில் பட்டால் தொண்டையும் குடலும் வெந்துபோகும். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும் என்று அலுமாரியின் மேல் வைத்திருந்தாள்.

கதிரையில் ஏறி மேலே கையை விட்டபோதுதான் அவளுக்கு ஜம்ஜம் போத்தலின் நினைவு வந்தது.

ஜம்ஜமும் அங்கேதான் இருந்தது. புனிதமான தண்ணீர், கால் மட்டத்தில் வைக்கக்கூடாது என்று உயரத்தில் வைத்திருந்தாள். வீட்டில் மரியாதைக்கு உரிய இடமும் அதுதான், ஆபத்தை ஒளிக்கிற இடமும் அதுதான். இரண்டும் அவள் கழுவிச் சேர்த்த ஒரே மாதிரிப் போத்தல்கள். இப்போது ஒன்றுதான் இருந்தது.

எது?

முற்றத்தில் சுளகில் மஞ்சள்தூள் காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் கறை பட்ட துணியில் சவர்க்காரம் போட்டால் கறை சிவக்கும் என்பது துவைக்கிற பெண்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். போத்தலைத் திறந்து ஒரு சொட்டு விட்டாள்.

'யா அல்லாஹ், சிவக்கட்டும்.'

மஞ்சள் நனைந்தது. மஞ்சளாகவே இருந்தது.

முஹ்ஸினின் போனுக்கு அடித்தாள். சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. பஸீஹாவுக்கு அடித்தாள், அதுவும் அப்படியே. பஸீஹாவின் கணவன் ஹலீமுக்கு அடித்தபோது மணியே போகவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டு, மணிபர்ஸை இடுப்பில் சொருகி, தலைத்துணியைச் சரிசெய்யக்கூட நிற்காமல் கண்டி பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

டீசல் இல்லாத காலத்தில் பஸ் என்பது வந்தால்தான் பஸ். வந்ததிலும் கால் வைக்க இடமில்லை. சகீனா படியில் தொங்கினாள். நோன்புக்காரர்கள் பாங்கு சொல்லும்வரை வாயில் ஒரு துளி விடமாட்டார்கள், அதனால் மாலைவரை பயமில்லை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். உடனே இன்னொரு நினைப்பு வந்தது. கர்ப்பிணிக்கு நோன்பில் சலுகை உண்டு. அந்த வீட்டில் மாலைவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரே ஆள் பஸீஹாதான். நாக்கு வறண்டால் எழும்பிப்போய்க் குடிப்பாள். ஒருவேளை குடித்திருப்பாள்.

திகனையில் டீசலும் காஸும் கேட்டு ஜனங்கள் தெருவை மறித்துக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் நின்றது. வெயில் சாய்ந்தது. சாரதி இறங்கிப்போய்க் கெஞ்சிக் கூத்தாடி வழிவாங்கி வந்தபோது, பிற்பகல் அஸர் நேரமும் முடிந்துகொண்டிருந்தது.

தெல்தெனியவில் பெற்றோல் ஷெட்டுக்கு முன்னால் வரிசை பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. முஹ்ஸினின் ஓட்டோ வாசலை நெருங்கியிருந்தது. நாள் முழுக்க நின்று பிடித்த இடம்.

"நீங்க கொண்டுபோனது ஜம்ஜம் இல்ல" என்றாள். "சவர்க்காரத்துக்குக் கரைச்ச காரத் தண்ணி."

முஹ்ஸின் உடனே அவளை ஓட்டோவில் ஏற்றினான். வரிசையை விட்டு வண்டியை வெட்டித் திருப்பினான். பின்னால் நின்றவன் சந்தோஷமாக முன்னால் ஏறிக்கொண்டான்.

மேட்டுப் பாதையில் ஓட்டோ இருமி இருமி ஏறியது. பஸீஹாவின் வீட்டுக்குக் கீழே வளைவில், இருந்த கொஞ்சப் பெற்றோலும் தீர்ந்து நின்றது. முஹ்ஸின் சரிவில் பின்னால் உருண்ட வண்டியை ஊன்றிப் பிடித்திருக்க, சகீனா குதித்து இறங்கி ஓடினாள். செருப்பு ஒன்று கழன்று எங்கேயோ போனது.

உள்ளே பாய் விரித்து, ஹலீமும் அவன் வீட்டாரும் பாங்குக்காகக் காத்திருந்தார்கள். கஞ்சிக் கோப்பைகள், பேரீச்சம்பழம், ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு சின்னக் கிண்ணம். நடுவில் அவளுடைய போத்தல், பாதி காலியாக. பஸீஹா உயிரோடு இருந்தாள். 

"குடிக்காதீங்கொ! ஒருத்தரும் அதத் தொடாதீங்கொ!"

பஸீஹா திரும்பினாள். "என்ன மதினி இது?"

"அது ஜம்ஜம் இல்ல. வெஷம். மாறி வந்துட்டு."

"மாறி வந்துட்டா? எங்கட முஹ்ஸின் நானா தன்ட கையால தந்தது." பஸீஹாவின் முகம் சுருங்கியது. "இது வருதுன்டு நானா நேத்தே சொன்னதாலதான், இதால தொறக்க நான் இன்டைக்கி நோன்பு புடிச்சேன். குடுத்தத நெனச்சு மனசு கேக்கல்லயா? ஒரு போத்தல் தண்ணிய திருப்பி எடுக்கவா கண்டியில இருந்து ஓடி வந்தீங்க?"

ஹலீம் தலையைக் குனிந்துகொண்டான். அவர்கள் நம்பியது பஸீஹாவைத்தான். நம்பாமல் என்ன செய்வார்கள்? ஈயைப் பிழிகிறவள் என்று பெயர் வாங்கியவள் வந்து ஜம்ஜமைக் கீழே வை என்றால் வேறு என்ன நினைப்பார்கள்! இத்தனை வருஷம் ஒன்றையும் வீணாக்காமல் சேர்த்த சகீனா, நல்ல பெயரை மட்டும் சேர்க்காமல் விட்டிருந்தாள்.

கீழே பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

"பிஸ்மில்லாஹ்" என்று பஸீஹா கிண்ணத்தைத் தூக்கினாள்.

சகீனா குசினி அடுப்படிக்குள் பாய்ந்தாள். மஞ்சள் தங்கவிலை விற்ற காலம் அது. மஞ்சள் தகரத்துக்குள் கையை விட்டு அள்ளியதைக் கொண்டுவந்து, வாய்க்கு அருகில் போன கிண்ணத்தைப் பிடித்து இழுத்து உள்ளே போட்டாள். கொஞ்சம் பாயில் சிந்தியது.

கிண்ணத்துக்குள் தண்ணீர் இரத்தமாகச் சிவந்தது.

எல்லோரும் பார்த்தார்கள். ஹலீம் பாயில் சிந்திய மஞ்சளில் ஒரு சிட்டிகை எடுத்துத் தன் முன்னால் இருந்த கிண்ணத்தில் போட்டான். அதுவும் சிவந்தது. பஸீஹாவின் கை மெதுவாக வயிற்றுக்குப் போய், அங்கேயே நின்றது.

சகீனா எல்லாக் கிண்ணத்தையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கோஸ்டிக் சோடா இனிக் கிடைக்குமா என்பதே தெரியாது. ஒரு மாதச் சவர்க்காரம் அது. குழிக்குள் கவிழ்த்துக் கொட்டினாள். விரல் வழுக்கி எரிந்தது. குழாயைத் திறந்து கழுவிக்கொண்டே, வாய்விட்டு அழுதாள். பாங்கு எப்போது முடிந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பஸீஹா வயிற்றைத் தாங்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தாள். ஒரு கையில் பேரீச்சம்பழம், மறு கையில் ஒரு கிளாஸ் தண்ணீர்.

"நீங்க இன்னும் நோன்பு தொறக்கல்ல மதினி."

சகீனா கிளாஸை வாங்கினாள். தெளிவான தண்ணீர், அடி வரை தெரிந்தது. வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. 

பஸீஹா அதைக் கவனித்தாள். பிறகு கிளாஸை அவள் கையிலிருந்து வாங்கி, தான் ஒரு மிடறு குடித்துவிட்டு, திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப குடிங்கொ" என்றாள்.