காரின் ஹீட்டரும் என் வயிற்றெரிச்சலும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு என் மனைவி மேல் பொறாமை. பக்கத்து வீட்டுக்காரன் மேல் பொறாமைப்பட்டால் மனைவியிடம் சொல்லிப் புலம்பலாம். மனைவி மேலேயே என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

சாந்தாமணி பல்லடத்துக்காரி. பி.காம். படித்தவள். கல்யாணமாகி நியூஜெர்சிக்கு வந்தபோது அவள் விசாவில் வேலைக்குப் போக முடியாது. நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். தெர்மோடைனமிக்ஸில் தொண்ணூற்றாறு மார்க். பிழைப்பு என்னவோ, இருபத்தாறு வருஷமாக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் சாஃப்ட்வேரை டெஸ்ட் செய்வது. ஒரு நவம்பரில் எங்கள் வேனில் ஹீட்டரைக் கூட்டிக் குறைக்கும் திருகு உடைந்துபோனது. ‘வீக்கெண்டில் பார்க்கிறேன்’ என்று நான்கு வீக்கெண்டுகளுக்குச் சொன்னேன். ஐந்தாவது வாரம் அவளே யூட்யூபைப் பார்த்துப் புதுத் திருகு மாட்டிவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

இப்போது அக்டோபர் பிறந்தால் போதும், எங்கள் ஊரான பிரிட்ஜ்வாட்டரில் இருக்கும் பாதித் தமிழர்களின் வேன் எங்கள் வீட்டு டிரைவ்வேயில்தான் நிற்கும். குளிர் வருவதற்குள் ஹீட்டரைச் சரிபார்க்க வேண்டுமாம். வண்டி வந்ததும் வராததுமாக அவள் எதையும் கழற்ற மாட்டாள். ஃபேனை அணைத்துவிட்டுத் திருகை மெதுவாகக் குளிரிலிருந்து சூட்டுக்குத் திருப்பி, டேஷ்போர்டில் காதை வைத்துக் கேட்பாள். அப்புறம் கூலன்ட் அளவு, ஃபில்டரில் அடைந்த சருகு. கடைசியில்தான் ஸ்க்ரூ டிரைவர். வண்டிக்காரர் டார்ச் பிடிக்க வேண்டும். வேறு கூலி கிடையாது. பெரிய பெரிய டாக்டர்கள் எல்லாம் பனிக்குல்லாய் போட்டுக்கொண்டு பயபக்தியோடு டார்ச் பிடித்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன தீபாவளிக்குக் கோயிலில் எங்கள் தெருப் பையன் பத்ரி என்னை யாருக்கோ அறிமுகப்படுத்தினான். “அங்கிள் யாரு தெரியுமா? நம்ம சாந்தாமணி ஆண்ட்டி ஹஸ்பண்ட்!” எனக்கு மயில்சாமி என்று ஒரு பெயர் இருப்பதே அவனுக்குத் தெரியுமோ என்னவோ.

எனக்கென்று மிச்சம் இருந்தவள் என் மகள் வெண்பா ஒருத்திதான். சிரக்யூஸில் காலேஜ் படிக்கிறாள். காரில் எந்த விளக்கு எரிந்தாலும் எனக்குத்தான் போன் செய்வாள். சின்ன வயசில் சைக்கிளுக்கு நான் காற்றடித்துக் கொடுத்த பழக்கம். ஊரே சாந்தாமணியைத் தேடி வரட்டும், அந்த ஒரு போனை மட்டும் அவளுக்கு விட்டுத்தருவதாக இல்லை.

இந்த வருஷம் தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு வந்தவள், காரை விட்டு இறங்கும்போதே, “அப்பா, டிஃப்ராஸ்ட் இஸ் நாட் வொர்க்கிங். உள்ள க்ளிக் க்ளிக்னு ஏதோ சவுண்ட்” என்றாள். முன்கண்ணாடிப் பனியை உருக்கும் சூட்டுக்காற்றைச் சொல்கிறாள்.

சாந்தாமணி வாசலுக்கு வந்தாள். “ஒரு நிமிஷம் நான் கேட்டுப் பாக்கட்டுங்களா?”

“ஒண்ணும் வேண்டாம். நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள்.

காற்றைக் காலுக்கா, முகத்துக்கா, முன்கண்ணாடிக்கா என்று திருப்பிவிட உள்ளே ஒரு பலகை இருக்கிறது. அதை அசைக்க ஒரு சின்ன மோட்டார். க்ளிக் என்றால் மோட்டார் போச்சு என்று முடிவுகட்டினேன். காதை வைத்தெல்லாம் கேட்கவில்லை. காது வைப்பது அவள் ஸ்டைல். சனிக்கிழமை புது மோட்டார் வாங்கி வந்து, டேஷ்போர்டுக்கு அடியில் தலைகீழாகப் படுத்து, கழுத்து சுளுக்கிக்கொள்ள மூன்று மணி நேரம் மாட்டினேன். ஸ்டார்ட் செய்தேன். காலுக்கு ஜம்மென்று சூடு வந்தது. கண்ணாடிப் பக்கம் திருப்பினால் காற்றே இல்லை. அதே க்ளிக், க்ளிக்.

வெண்பா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். “ஃபிக்ஸ்டா, அப்பா?”

“ஆயிடுச்சு கண்ணு” என்றேன்.

ஏன் சொன்னேன்? ஆகவில்லை என்றால் அடுத்த வார்த்தை ‘அம்மாவைக் கேளுங்க’ என்றுதான் வரும். அது அவள் வாயில் வந்துவிடக் கூடாது. அவ்வளவுதான் காரணம்.

ஞாயிறு காலை கண்ணாடி முழுக்க உறைபனி. அன்றைக்குத்தான் வெண்பா சிரக்யூஸ் திரும்புகிறாள்; எழுந்து டிஃப்ராஸ்ட் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஸ்க்ரேப்பரை எடுத்துச் சுரண்டோ சுரண்டென்று சுரண்டித் துடைத்து வைத்தேன். பெற்ற பெண்ணுக்கு இப்படிச் செய்கிறவன் மனுஷனா என்று மனசு கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

சாந்தாமணி புளிசாத டப்பாவோடு வெளியே வந்தாள். காருக்கு முன்னால் கொட்டிக்கிடந்த பனித்தூளைப் பார்த்தாள். என் கையிலிருந்த ஸ்க்ரேப்பரைப் பார்த்தாள்.

“ஸ்க்ரான்டன் தாண்டுனா ஸ்னோன்னு நியூஸ்ல சொல்லியிருக்கானுங்க” என்றாள்.

சிரக்யூஸ் போகிற அந்த மலைப்பாதையில், லாரிகளுக்கு நடுவே, கண்ணாடி பனியில் மூடிப்போன காரில் என் பெண். ஸ்க்ரேப்பரைக் கீழே போட்டேன். “சாந்தா, சரியாகலை. நீ கொஞ்சம் பாரு” என்றேன். இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் நான் இப்படிக் கேட்டது அதுதான் முதல்முறை.

“டார்ச்சப் புடிங்க” என்றாள்.

பிடித்தேன். திருகை இரண்டு முறை திருப்பிக் காதை வைத்தாள். “மோட்டார் நல்லாத்தான் சுத்துது. பலகைய எதுவோ தடுக்குதுங்க.” நான் மாட்டிய மோட்டாரைக் கழற்றிவிட்டு, கண்ணாடி ஓரத்துக் காற்றுத்துளை வழியாகக் குட்டிக் கேமராவை விட்டுத் தேடினாள். நீளக் கொக்கியால் எதையோ பிடித்து இழுத்தாள். வந்தது ஒரு விரலி மஞ்சள்.

எனக்குப் புரிந்துவிட்டது. இந்தக் காரை வாங்கிய அன்று கோயிலில் பூஜை போட்டோம். குருக்கள் கொடுத்த வெற்றிலை பாக்கு மஞ்சளை டேஷ்போர்டின் மேல் கண்ணாடியோரமாக வைத்தவன் நான். “எடுத்துருங்க, உள்ள விழுந்துரும்” என்று இவள் அன்றைக்கே சொன்னாள். “ஒரு மண்டலம் அங்கேயே இருக்கட்டும், நீ சும்மா இரு” என்று அதட்டியவனும் நான்தான். இத்தனை நாள் எங்கே கிடந்ததோ, கடைசியில் பலகையின் இடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அப்போது பார்த்து வெண்பா பையோடு வந்தாள். “வாட் ஹேப்பண்ட்?”

சாந்தாமணி மஞ்சளைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மோட்டாரைத் திரும்ப மாட்டினாள். “ஒண்ணுமில்ல, சும்மா செக் பண்ணோம். அப்பா நேத்து மாத்துனாரில்ல, அந்த மோட்டார்தான். பாரு, எப்படி அடிக்குது!” கண்ணாடியில் சூடான காற்று புஸ்ஸென்று அடித்தது.

“தேங்க்ஸ்ப்பா! யூ ஆர் த பெஸ்ட்” என்று வெண்பா என்னைக் கட்டிக்கொண்டாள். நானும் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

கார் தெருமுனை திரும்பியதும் கேட்டேன். “ஏன் அவகிட்ட சொல்லலை?”

“சொன்னா அடுத்த வாட்டி எனக்குப் போன் பண்ணுவாளுங்க. எனக்குத்தான் ஊரே பண்ணுதே. உங்களுக்கு அவ ஒருத்திதானுங்களே பண்றா.”

குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு கத்து கத்தியிருப்பேன். அவளோ கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மதியம் வெண்பா ஒரு ரெஸ்ட் ஏரியாவிலிருந்து கூப்பிட்டாள். சரியான ஸ்னோவாம். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறதாம். ஸ்பீக்கரில் அவள் சொல்லச் சொல்ல, சாந்தாமணி பக்கத்தில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

“அப்பா பண்ணா அப்படித்தான் இருக்கும் கண்ணு” என்றேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. திரும்பிப் பார்த்தேன். ‘ஆமாம்’ என்று தலையாட்டிச் சிரித்தபடி அவள் என் சட்டையை மடித்து வைத்தாள். அப்படி ஒரு மனசு அவளுக்கு மட்டும் எப்படி வாய்த்தது என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.