சாம்பல் ஆறும் வரை

என் மாமியார் என் வேலையைப் பற்றி எல்லோரிடமும் ஒரே வரியில்தான் சொல்வார்: "காட்டுக்குத் தீ வைக்கிற வேலை." தாவரவியல் படித்தவள், பிள்ளை பிறந்த பிறகு ஏதாவது பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பாள் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்ததோ மலைமேல் பூண்டி சாலையில் புல்வெளிகளை மீட்கும் ஒரு சிறு குழுவில். தலைமுடியில் புகையோடு அட்டுவம்பட்டி வீட்டுக்குத் திரும்பினால், குளித்துவிட்டு வரும்வரை பிள்ளையைத் தரமாட்டார்.

"சுடுகாட்டுல இருந்து வந்தவ மாதிரி வாடை அடிக்குது. தள்ளி நில்லு."

அவர் சொல்வது சரிதான் என்று தோன்றும். இல்லை என்றும் தோன்றும். வெந்நீரை ஊற்றிக்கொண்டே இரண்டையும் மாற்றி மாற்றி யோசிப்பேன்.

நாங்கள் ஐந்து பேர். நான்கு பெண்கள், ஓர் ஆண். குழுவை நடத்தியவர் பூண்டிக்காரர். அவரை அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்த மலையில் புல் இருந்த இடத்தையெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த வாட்டில் மரம் பிடித்துக்கொண்டிருந்தது. மரத்தை வெட்டினாலும் அதன் விதை மண்ணுக்குள் வருடக்கணக்காகத் தூங்கும். சூடு பட்டால்தான் எழும்பும். அதனால் தை மாதத்தில், உறைபனியில் புல் காய்ந்திருக்கும்போது, பூண்டிக்காரர்கள் மேய்ச்சலுக்காக எரித்து வந்த அதே முறையில் சிறு சிறு துண்டுகளாக எரிப்போம். மேட்டில் வைத்துப் பள்ளத்துக்கு இறக்கினால் தீ மெதுவாக நடந்து வரும். மழைக்குப் பிறகு முளைக்கும் வாட்டில் கன்றுகளைக் கையால் பிடுங்கிவிடலாம். புல் தன் தூரிலிருந்து தானே வந்துவிடும்.

அதில் ஒரு முறைமை உண்டு. அன்றைக்குத் தீ வைத்தவர் சாம்பல் ஆறும்வரை சாப்பிடக் கூடாது, மலையை விட்டு இறங்கக் கூடாது. கடைசியில் புல் தூருக்குள் விரலை விட்டுப் பார்த்து, குளிர்ந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகுதான் மற்றவர்களும் இறங்குவார்கள். அவசரம் என்றால், தீயை அடித்து அடக்கத் தன் கையில் வைத்திருக்கும் பச்சைக் கொப்பை இன்னொருவர் கையில் கொடுக்கலாம். வாங்கியவருடையது அந்தத் தீ.

அன்று என் முறை. காலையில் பிள்ளையின் நெற்றி லேசாகச் சுட்டது. ஒருமுறை தொட்டால் சுடுகிற மாதிரி இருந்தது, மறுமுறை இல்லை. போகாமல் இருந்துவிடலாமா என்று வாசலில் செருப்பை மாட்டிக் கழற்றி மாட்டினேன். மேலே செல்போன் எடுக்காது. அன்று எரிக்கவிருந்த சரிவின் நிலத்துக்காரருக்குப் பக்கத்து மேட்டில் ஒரு விடுதி இருந்தது. அங்கிருந்த தொலைபேசி எண்ணை மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

"ஏ டீச்சரு, ஒங்க வீட்டு அடுப்பே ஒங்களுக்குப் பத்தாதாமே. இது பத்துமா?" என்றார் குழுவில் இருந்த ஒரே ஆண். நாங்கள் அண்ணன் என்போம்; அவருக்கு நான் டீச்சர்.

"வாயக் குறைச்சிட்டு கொப்ப ஒடிச்சிட்டு வாங்க, வெரசா," என்றார் அக்கா.

பற்றியது. பாதிச் சரிவு வரை நன்றாகத்தான் இறங்கியது. கீழே இன்னும் எரியாத புல், அதற்கும் கீழே சோலைக்காடு. அந்தச் சோலை ஊற்றுத் தண்ணீர்தான் அக்காவின் ஊருக்குக் குடிக்கப் போகிறது.

உச்சி வேளையில் விடுதி மேனேஜர் ஜீப்பில் வந்தார். பின்னாலேயே ஒரு தண்ணீர் வண்டி. நிலத்துக்காரர் சென்னையிலிருந்து சம்மதம் சொல்லியிருந்தார், இவருக்கும் அது தெரியும். ஆனால் காற்று கொஞ்சம் திரும்பி, புகை விடுதிப் பக்கம் போயிருந்தது.

"கெஸ்ட்டெல்லாம் இருமுறாங்க. போதும், நிப்பாட்டுங்க."

நாங்கள் சொல்லச் சொல்ல அவருடைய ஆட்கள் தீயின் வரிசை நெடுகத் தண்ணீர் அடித்தார்கள். மேலே கருப்பாக, சொதசொதவென்று ஆனது. அணைந்த மாதிரிதான் தெரிந்தது. தண்ணீர் புல்லின் தலையை நனைக்கும், தூருக்குள் போகாது. உள்ளே கனன்றுகொண்டே கிடக்கும். அந்தப் பக்கம் மத்தியானத்துக்கு மேல் காற்று பள்ளத்தைப் பார்த்து இறங்கும். இறங்கினால் மிச்சப் புல் பற்றி, நேரே சோலைதான்.

"எல்லாரும் எறங்குங்க. கேட்டைப் பூட்டணும்."

"சாம்பல் ஆறல சார். ஆற வச்சிட்டு நாங்களே எறங்கிருவோம்," என்றார் அக்கா.

"அதான் தண்ணி ஊத்தியாச்சே. ஒங்க சாங்கியத்தையெல்லாம் ஊர்ல வச்சுக்கங்க."

"சாங்கியமா? நெருப்பு கெடக்கு சார் உள்ள."

அவர் என் பக்கம் திரும்பினார். "மேடம், நீங்க படிச்சவங்க. நீங்க கெளம்புனா இவங்களும் கெளம்பிருவாங்க." நான் அசையவில்லை. அப்போதுதான், சட்டைப் பையிலிருந்து சில்லறை எடுப்பது போல, அதை எடுத்தார். "அப்புறம், ஒங்க வீட்ல இருந்து போன் வந்துச்சு. குழந்தைக்குக் காய்ச்சலாம். வாங்க, நானே டிராப் பண்றேன்."

அக்கா உடனே கையை நீட்டினார். "கொப்பக் குடு தாயி. நீ போ. இது என் தீ."

"யாரும் இங்க இருக்கப் போறதில்ல," என்றார் மேனேஜர்.

கொப்பை நீட்டிய கையை நான் இழுத்துக்கொண்டேன். இருக்கவிடாத இடத்தில் யாரிடம் எதைக் கொடுப்பது? கீழே என் பிள்ளைக்குக் காய்ச்சல். இங்கே நான் வைத்த தீ. நடுவில் இந்த மனிதர் வண்டிச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அதற்கு முன் அப்படிக் கோபம் வந்ததில்லை. நான் சரிவில் உட்கார்ந்தேன். ஈரக் கரியைத் தள்ளி, பக்கத்துத் தூருக்குள் வலது கையை முழுதாக விட்டேன். முறைமை விரலை விடச் சொல்கிறது. நான் கையை விட்டேன். எடுத்தபோது உள்ளங்கையில் தோல் இல்லை.

"பாருங்க," என்று அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "அணைஞ்சிருச்சா?"

அவர் கெஸ்ட்டுகள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். "என்ன மேடம் இது..."

"இவங்க இருப்பாங்க. சாம்பல் ஆறுனதுக்கப்புறம் கேட்டைப் பூட்டுங்க. சரின்னு சொன்னாத்தான் நான் வண்டியில ஏறுவேன்."

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு நொடியும் எழுந்து ஓடத்தான் தோன்றியது. கடைசியில் அவர் "என்னமோ பண்ணுங்க" என்றார். இடது கையால் அக்காவிடம் கொப்பைக் கொடுத்தேன்.

ஜீப்பில் கேட்டேன். "போன் எப்ப வந்துச்சு?"

"கெஸ்ட்டுக்கு பிரேக்ஃபாஸ்ட் குடுத்துக்கிட்டு இருந்தோம், அப்ப. வேலை நடந்துக்கிட்டு இருக்கேன்னு தொந்தரவு பண்ணல."

காலைச் சாப்பாட்டு நேரத்தில் வந்த சேதி. தீயை நிறுத்த வரும்வரை அதை அவர் வைத்துக்கொண்டிருந்தார்.

வீடு பூட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளை ஊசி போட்டு உறங்கிக்கொண்டிருந்தான். காய்ச்சல் ஏறிக் கைகால் இழுத்து வெட்டு வந்ததாம். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். இனிப் பயமில்லை என்றார் டாக்டர்.

மாமியார் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக் கேட்டார்: "வெள்ளனே போன் போட்டேன். சேதி தெரிஞ்சும் ஒக்காந்திருந்தியா?"

எனக்கு மத்தியானம்தான் சொன்னார்கள் என்றேன். அது உண்மை. சொன்ன பிறகும் உட்கார்ந்திருந்தேன் என்பதும் உண்மை. அதையும் சொன்னேன். அன்றிலிருந்து அவருக்கு இரண்டாவது மட்டும்தான் நினைவில் நிற்கிறது. கட்டுப் போட்ட கையால் பிள்ளையைத் தூக்க முடியாமல், பக்கத்தில் படுத்து, வேர்த்த தலைமுடியை மோந்துகொண்டிருந்தேன். அந்தி சாய்ந்தபின் அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்து, சாம்பல் ஆறிவிட்டது, சோலைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். "நல்லபடியா முடிஞ்சுது, விடு," என்றார் என் கணவர். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள்.

மழைக்குப் பிறகு அந்தச் சரிவில் குனிந்து வாட்டில் கன்று பிடுங்கிக்கொண்டிருந்தோம். எரிந்த பாதியில் இளம்புல் வந்திருந்தது. எரியாத பாதியில் முன்பே முளைத்திருந்த வாட்டில் இடுப்பளவு. மேனேஜர் விருந்தினர்களை அழைத்துவந்து, எரிந்த பாதியைக் காட்டினார். "இந்தப் புல்வெளிய நாங்கதான் ரெஸ்டோர் பண்றோம்."

அவர்களில் ஓர் அம்மா கேட்டார், "நெருப்பு வச்சா?"

"சேச்சே. நாங்க எல்லாம் நேச்சுரலாத்தான்."

நான் நிமிர்ந்தேன். "தீ வச்சதாலதான் வந்துச்சு. நான்தான் வச்சேன். பாதியில நிறுத்துனது இவரு. எம்புள்ள காய்ச்சலாக் கெடக்கான்னு வந்த போன மத்தியானம் வரைக்கும் சொல்லாம வச்சிருந்ததும் இவருதான்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். நடிக்கவில்லை. உண்மையாகவே ஞாபகம் வராமல் யோசிக்கிறார் என்று தெரிந்தது.

"எந்த போன் மேடம்?" என்றார்.