வலது எரியுதா?

இது எனக்கே நடந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன். அந்த வாரம் என் ஷெட்டில் நின்றது என் அப்பாவைவிட மூத்த ஒரு கறுப்புக் கார். அதன் வலது ஹெட்லைட், அதாவது ரோட்டின் நடுப்பக்கம் வரும் லைட், ஓட்டும்போது திடீரென்று அணைந்துவிடும். ஷெட்டுக்குள் வந்தால் சமர்த்தாக எரியும். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற குழந்தை மாதிரிதான். பல்பை மாற்றினேன். ஃபியூஸை மாற்றினேன். எர்த் ஒயரைச் சுரண்டி, புதிதாக முறுக்கினேன். மூன்று நாள் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம்.

கார்க்காரர் ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர். அன்று சாயங்காலம் அவருடைய மகள், கைக்குழந்தையோடு தானே அந்தக் காரை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்புவதாக ஏற்பாடு. வழியெல்லாம் இருட்டு. "நம்பி அனுப்பலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை அன்று முழுக்க என் தலையில் பாரமாக உட்கார்ந்திருந்தது.

மதியம் மூன்று மணி இருக்கும். வெயிலில் லைட் தெரியாது. அதனால் காரைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, ஷட்டரை முக்கால்வாசி இறக்கியிருந்தோம். எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயரைத் தொடுவான். அங்கிருந்து லைட் தெரியாது. இன்னொருவன் முன்னால் நின்று, எரிகிறதா இல்லையா என்று குரல் கொடுப்பான். படுத்திருப்பவனுக்கு அந்தக் குரல்தான் கண். அன்று முன்னால் நின்றவன் என் மச்சினன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் ஆகியும், வார்த்தைக்கு வார்த்தை 'மாமா' போடாமல் அவனுக்குப் பேச்சே வராது.

"இடது?"

"எரியுது மாமா."

"வலது?"

"எரியுது மாமா."

இதே பாட்டுதான் வெகுநேரம். ஸ்விட்சுக்குப் பின்னால் இருந்த ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். கண் சொக்கியது. கொஞ்ச நேரம் தூங்கியும் இருப்பேன்.

"வலது?"

"எரியல."

அப்பாடா, கோளாறு சிக்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். வேறு ஒயர் போட்டேன். மறுபடி கேட்டேன்.

"எரியல."

குரல் தாழ்வாக வந்தது. பம்பர் பக்கத்திலிருந்து. நின்று நின்று கால் கடுத்துக் குந்திவிட்டான் போல என்று நினைத்தேன். அவன் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி வேறு இருந்தது. 'மாமா' எங்கே போனது? கோபமா? கேட்கவும் அலுப்பாக இருந்தது.

மறுபடி மாற்றினேன்.

"எரியல..."

அரை மணி நேரம் அந்தக் குரலை நம்பி வேலை செய்தேன்.

அப்போது... கிர்ர்ர்ர்...

ஷட்டர் தூக்கப்படும் சத்தம். திறந்திருந்த கார்க் கதவு வழியாகப் பார்த்தேன். குனிந்து உள்ளே வந்தான் மச்சினன். இரண்டு கையிலும் டீ கிளாஸ்.

"நல்லா தூங்கிட்டிருந்தீங்க மாமா. எழுப்ப மனசு வரல. டீக்கடையில ஒரே கூட்டம்."



அப்படியானால்... முன்னால் யார்?

"வலது...?" வாய் தானாகக் கேட்டது.

மச்சினன் வாசலிலிருந்தே சுவரைப் பார்த்தான். சுவரில் இரண்டு வெளிச்ச வட்டம்.

"எரியுது மாமா."

பம்பருக்கு அடியிலிருந்து...

"எரியல."

டீ கிளாஸ் விழுந்து உடைந்தது.

அவனுக்கும் கேட்டிருக்கிறது.

குனிந்து பார்த்தோம். யாரும் இல்லை.

இருட்டுகிற நேரத்துக்கு மேனேஜர் மகளோடு வந்தார். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

தான் வாங்குவதற்கு முன் நடந்தது என்றார். அப்போதைய சொந்தக்காரர் ஒருநாள் ராத்திரி வலது லைட் இல்லாமல் ஓட்டி வந்திருக்கிறார். எதிரே சைக்கிளில் வந்தவன் ஒற்றை லைட்டைப் பார்த்து, பைக் என்று நினைத்து நடு ரோட்டில் வந்துவிட்டான்.

"உடனே சாகல" என்றார் மேனேஜர். "பம்பருக்கு அடியில மாட்டிக்கிட்டான். வெளிய எடுக்க அரை மணி நேரம் ஆச்சாம். அதுவரைக்கும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிட்டிருந்தானாம்."

என்ன வார்த்தை என்று நான் கேட்கவில்லை.

திரும்பினோம். மகள் அதற்குள் குழந்தையைப் பின்சீட்டில் படுக்கவைத்து, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். லைட்டைப் போட்டாள். நான் காருக்கு முன்னால் போய் நின்றேன்.

"வலது எரியுதாண்ணே?" என்று தலையை நீட்டிக் கேட்டாள்.

இரண்டு லைட்டும் கண் கூசும்படி எரிந்துகொண்டிருந்தன.

"எரியலம்மா" என்றேன். "பஸ்ல போங்க."